டர்போ செடானுக்கு ரெசனேட்டர் உள்ள கேட்-பேக் போதும்

நண்பரே, 2 லிட்டர் டர்போ செடானுக்கு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாற்ற வேண்டும், சத்தம் கம்பீரமாக வேண்டும், ஆனால் நெடும்பயணத்தில் பின் சீட்டில் குழந்தை தூங்கவும் வேண்டும் என்கிறீர்கள். நானாக இருந்தால் ரெசனேட்டர் (முழக்கத்தைக் குறைக்கும் அறை) உள்ள கேட்-பேக் செட்டைத்தான், அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், சைலன்சர் தொகுப்பைத்தான் எடுப்பேன். பவர் பெரிதாக ஏறாது. டர்போ காரில் புகை போகும் வழியில் அடைப்பு பெரும்பாலும் டவுன்பைப்பிலும் (டர்போவிலிருந்து இறங்கும் குழாய்) கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும்தான் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்). அதற்காகக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் கேட்காதீர்கள். செக் இன்ஜின் விளக்கு எரியும், பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட.

உங்கள் உண்மையான எதிரி ட்ரோன், அதாவது ஒரே வேகத்தில் ஓடும்போது கேபினுக்குள் விடாமல் கேட்கும் முழக்கம். நாலு சிலிண்டர் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் ஓடும்போது வினாடிக்கு 80 வெடிப்பு, அதாவது 80 ஹெர்ட்ஸ் முழக்கம். கேபினும் அதோடு சேர்ந்து அதிர்ந்தால் தலைவலிதான். (ஆசையாக ரெசனேட்டரை வெட்டியெடுத்துவிட்டு, இரண்டே வாரத்தில் திரும்ப வெல்டு வைத்தவன் நான்.) வீடியோவில் கேட்கும் சத்தத்தை நம்பாதீர்கள். அதே செட் போட்ட காரில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், டாப் கியரில், பின் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

குழாய்க்கு 409 ரக ஸ்டீல் விலை குறைவு, ஆனால் மேலே துரு படியும். 304 ரகம் நன்றாகத் தாங்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள செட் பட்ஜெட்டுக்குள் வந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.