வாசகர் கேள்வி, மனநலக் குழுவின் பதில்: “பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது?”

பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் நீட் முடிவும் வரும் பருவத்தில் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கான பதில்கள் இவை. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம். இதைப் படிக்கும்போதே உங்களுக்கோ அருகில் இருப்பவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

*

என் பேரன் இரண்டாம் முறை நீட் எழுதியிருக்கிறான். மகனும் மருமகளும் சிங்கப்பூரில். வீட்டில் நானும் அவனும்தான். “நான் இருந்து என்ன ஆகப்போகுது அப்பத்தா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். கேட்கலாமா? கேட்டால், இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டதாக ஆகுமா?
(கானாடுகாத்தான்)

ஆச்சி, கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளே வைத்துப் புழுங்குகிற பிள்ளைக்கு, ஒருவர் வாய்திறந்து கேட்டதே பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கும்.

பட்டாலையில் நாலுபேர் நடமாடும்போது வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து முகப்புத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். முகத்தை நேருக்குநேர் பார்க்க வேண்டியதில்லாத இடத்தில் பிள்ளைகளுக்கு வாய் வரும். “அன்னைக்கு இருந்து என்ன ஆகப்போகுதுன்னு சொன்னியேப்பா. உசுர விட்டுடலாம்னு தோணுதா?” என்று இந்த அளவுக்கு நேராகக் கேட்க வேண்டும். “கிறுக்குத்தனமா எதுவும் நினைக்கலையே?” என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு “இல்லை” என்ற ஒரே பதில்தான் வரும், ஏனென்றால் அந்தப் பதிலைத்தான் நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள்.

“ஆமாம்” என்றால் பதறாமல் இன்னும் மூன்று கேள்வி. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? எப்படி என்று ஏதும் யோசித்து வைத்திருக்கிறாயா? இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் ஏதும் மனதில் இருக்கிறதா? கடைசி இரண்டில் எதற்காவது “ஆமாம்” வந்தால் அவனைத் தனியே விடக்கூடாது. கூடவே ஆள் இருக்க வேண்டும். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 14416-ஐ அழைத்து, அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனை பக்கம். மனநலப் பிரிவுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் அடுத்த ஐந்து நிமிடத்தில். தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள். வாங்கிவிட்டால், மறுபடி அந்த எண்ணம் வரும்போது அவன் உங்களிடம் சொல்ல மாட்டான். சத்தியத்தை மீறின குற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும். “உங்கப்பன் அங்கே யாருக்காக உழைக்கிறான்” என்பதும் அப்படித்தான். நான் எல்லோருக்கும் சுமை என்று ஏற்கெனவே நினைப்பவனுக்கு அது சாட்சியாகிவிடும். சித்தப்பா வீட்டுப் பையனின் மதிப்பெண் பற்றிய பேச்சே வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடமும் சொல்லி வையுங்கள்: தினம் ஒரே நேரத்தில் கூப்பிடட்டும், அந்த அழைப்பில் படிப்பு என்ற சொல் வரக்கூடாது.

வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்துக்கான மாத்திரைகள் அலமாரியில் திறந்து கிடக்கும். இரும்புப் பெட்டி இருந்தால் அதில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அன்றைய மாத்திரை மட்டும் வெளியே இருக்கட்டும். வயலுக்கு வாங்கிய மருந்து எதுவும் வீட்டுக்குள் இருக்கவே வேண்டாம். இது அவன்மேல் சந்தேகம் இல்லை. இந்த உந்துதல் பலருக்கும் உச்சத்தில் நிற்பது சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் அலை இறங்கிவிடும். “மனசு வைத்தவன் வேறு வழி தேடமாட்டானா” என்பார்கள். பெரும்பாலானவர்கள் தேடுவதில்லை.

இன்னொன்று. பல வாரம் இருண்டு கிடந்த பிள்ளை ஒருநாள் காரணமில்லாமல் அமைதியாகி, கைக்கடிகாரத்தையும் புத்தகத்தையும் நண்பர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், தேறிவிட்டான் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அன்றைக்கே மறுபடி கேளுங்கள்.

*

கல்லூரி விடுதியில் என் தோழி, தனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். என்ன செய்வது?
(பள்ளத்தூர்)

அந்தச் சத்தியத்தை மீறுங்கள் தங்கையே. ஆனால் அவளுக்குத் தெரியாமல் மீற வேண்டாம். “நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, இதை நான் தனியா வச்சுக்க மாட்டேன். யாருகிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு” என்று சொல்லி, அவள் காட்டும் ஆசிரியரிடமோ அக்காவிடமோ இருவரும் சேர்ந்து போங்கள். அவள் மறுத்தாலும் விடுதிப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

14416-ஐ நீங்களே அழைத்தும் கேட்கலாம். மொழியைத் தேர்ந்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பு தருவார்கள், அல்லது மாவட்ட மனநலக் குழுவிடம் அனுப்புவார்கள். ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் இது. அதே மாதம் தமிழக அரசு ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இங்கே இதைத் தொடங்கியது. இணைப்பு கிடைக்கத் தாமதமானால் தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தொண்டு நிறுவனத்தின் எண் 044-24640050. பதினெட்டு வயதுக்குள் என்றால் 1098. மூன்று எண்களையாவது இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

*

மகனைப் பத்து நாள் முன்பு மருத்துவமனையில் காப்பாற்றினார்கள். போலீஸ் வழக்கு வருமா? இனி பயமில்லையா? கொடுத்த மாத்திரையில் முன்னேற்றம் தெரியவில்லை, நிறுத்திவிடலாமா?
(புதுவயல்)

வழக்கு பற்றி முதலில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாத வரை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை நிர்பந்திக்கச் செய்யும் முயற்சிக்கு மட்டுமே தனிப் பிரிவு இருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் காவலர் வந்து எழுதிக்கொள்வதும் நடைமுறை. அதற்குப் பயந்து மருத்துவரிடம் காரணத்தை மாற்றிச் சொன்னால் சிகிச்சைதான் தவறாகப் போகும்.

இனி பயமில்லையா என்று கேட்டீர்கள். அடுத்த சில மாதங்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை. நம் குடும்பங்களில் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிவந்ததும், கோயிலுக்கு ஒருமுறை போய்வந்து, இனி அந்தப் பேச்சே கூடாது என்று மூடிவிடுகிறார்கள். அதுதான் தவறு. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேரப் பேச்சும், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை விசாரிப்பும் கிடைத்தது. தற்கொலையால் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 0.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காடு.

அந்த ஒன்பது விசாரிப்பின் கணக்கை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். மருத்துவமனை ஊழியரோ மாவட்ட மனநலக் குழுவோ செய்ய முடியுமா என்று கேளுங்கள். இயலாவிட்டால் அவனுக்குப் பிடித்த மாமாவோ ஆசிரியரோ போகட்டும். அறிவுரை வேண்டாம். “எப்படி இருக்க, தூக்கம் வருதா, அந்த நினைப்பு வந்துச்சா” இவ்வளவு போதும். ஏழாவது வாரத்தில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், “நல்லாத்தானே இருக்கான்” என்று.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்யப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் 25 வயதுக்குட்பட்ட சிலருக்குப் படபடப்பும் அமைதியின்மையும் கூடலாம். அப்படியானால் நீங்களாக எதையும் குறைக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், ஒவ்வொரு வேளையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

*

எங்கள் சங்கத்தில் செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாளுக்குப் பேரணியும் கட்டுரைப் போட்டியும் வைக்கலாம் என்று இருக்கிறோம். வேறு யோசனை உண்டா?
(காரைக்குடி)

அக்கறைக்கு நன்றி ஐயா. ஆனால் பேரணியில் நடக்கிற பிள்ளைகளுக்கு இடையில் உண்மையிலேயே தவிக்கிற பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதே பணத்தை வேறு இடத்தில் போடுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசு தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தியை வெளியிட்டது. 2030க்குள் இறப்பைப் பத்து விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. சங்கம் போன்ற அமைப்புகள் கைகோக்காமல் அந்த இலக்கு எட்டாது.

முதல் வேலை, தேர்வு முடிவு வரும் நாள். அன்று காலை எட்டு மணிக்கே சங்க மண்டபத்தைத் திறந்து வையுங்கள். உள்ளே இருக்க வேண்டியவர்கள் மூன்றுபேர்: துணைத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது, விடைத்தாள் நகல் வாங்குவது, மறுகூட்டல் கேட்பது தெரிந்த ஓர் ஆசிரியர்; பாலிடெக்னிக், ஐடிஐ, கலைக்கல்லூரி வழிகளைச் சொல்லத் தெரிந்தவர்; பேசாமல் கேட்கத் தெரிந்தவர். துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. ஓர் ஆண்டு போச்சு என்று நினைத்து நொறுங்குகிற பிள்ளைக்கு அந்த ஒரு தகவல் எவ்வளவு பெரியது! 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. நாம்தான் செக்காலை ரோட்டில் பேனர் கட்டி அதை மறுபடி உயிர்ப்பிக்கிறோம். சங்கத்தின் பரிசளிப்பில் முதல் மூன்றுபேருக்கு மட்டும் பரிசு என்றிருந்தால், துணைத் தேர்வில் தேறியவர்களையும் மேடைக்கு அழையுங்கள்.

இரண்டாவது, பூச்சிமருந்து. இலங்கையில் கடும் நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. தடை அரசின் கையில். பூட்டு ஊரின் கையில். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் ஸ்நேகா, ஊருக்குப் பொதுவான மருந்துக் காப்பறையை முயன்று பார்த்தது. விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பெட்டியில் பூட்டி வைத்தார்கள். உங்கள் சுற்றுக் கிராமங்களில் செய்வதானால், இடம் வயலுக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். ஊருக்குள் சுற்றிப்போக வேண்டிய இடத்தில் கட்டினால் ஒரு மாதத்தில் எல்லோரும் பழையபடி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். மருந்தடிப்பு விடிகாலையில் நடக்கும், ஆகவே ஐந்தரை மணிக்கே திறக்கப் பொறுப்பாளர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். எடுத்ததும் திருப்பியதும் ஒரு பதிவேட்டில். காலிப் புட்டிகளும் அங்கேயே திரும்பி வர வேண்டும்.

மூன்றாவது, கேட்கத் தெரிந்த ஆட்கள். டியூஷன் வாத்தியார், சுய உதவிக் குழுத் தலைவி, உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர், கோயில் இளைஞர் குழுவினர். இருபதுபேர் போதும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவை அழைத்து அரைநாள் பயிற்சி கொடுங்கள்: நேராகக் கேட்பது, கேட்டதைக் கேட்டபடி இருப்பது, ஆளோடு கூடவே உதவிக்குப் போவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அதே பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

*

பள்ளியில் சட்டப்படி நாங்கள் என்ன செய்தாக வேண்டும்?
(தேவகோட்டை, ஆசிரியை)

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் வெளியே உள்ள மனநல வல்லுநருடன் முறையான தொடர்பு வேண்டும். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். எல்லா ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி. உதவி எண்கள் பெரிய எழுத்தில், கண்ணில் படும் இடத்தில். தலைமையாசிரியர் அறையில் ஒட்டினால் பயனில்லை டீச்சர். கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள அங்கேதான் முடியும்.

*

எங்கள் நண்பன் சென்ற வாரம் தற்கொலையால் இறந்துவிட்டான். பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கப்போகிறோம். வைக்கலாமா?
(குன்றக்குடி)

உங்கள் துக்கம் புரிகிறது தம்பி. பேனர் வேண்டாம். அவன் சிரித்த முகத்தைப் பத்தடியில் வைத்து “மாவீரன்” என்றும் “எங்களை விட்டுச் சென்றாயே” என்றும் எழுதும்போது, அதே வயதில் அதே தவிப்பில் இருக்கும் இன்னொருவன் அதைப் பார்த்து, இறந்தால்தான் எல்லோரும் நினைப்பார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறான். ஒரு மரணத்தைத் தொடர்ந்து அதே பள்ளியில், அதே தெருவில் இன்னொன்று நடப்பது இப்படித்தான். எப்படி நடந்தது, கடைசியாக என்ன எழுதினான் என்பதை ஸ்டேட்டஸிலோ ரீல்ஸிலோ போடாதீர்கள். பத்திரிகைகளுக்கும் இதே கட்டுப்பாட்டை இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வகுத்திருக்கிறது.

அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். காரணம் கேட்காதீர்கள், அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் குழுவில் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: அவனோடு கடைசியாகப் பேசியவன், அவனோடு சண்டை போட்டிருந்தவன், அவனைக் காதலித்த பெண், முன்பே ஒருமுறை முயன்றவன். இவர்களை இந்த வாரமே ஒவ்வொருவராகத் தனியே பார்த்து, மேலே ஆச்சிக்குச் சொன்ன அந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள். உங்களிடமும் ஒருவர் கேட்க வேண்டும். வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றால் 14416-ஐ நீங்களே அழையுங்கள்.