சிங்க்குக்காக மேடைக் கல்லை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் சமையல் மேடை கறுப்பு கிரானைட், 24 இஞ்ச் அகலம். இப்போதுள்ள 20-க்கு 16 சிங்க்கில் பெரிய குக்கர் அடங்கவில்லை. அதனால் 24-க்கு 18 அளவில், 9 இஞ்ச் ஆழத்தில், விளிம்பு மேலே உட்காரும் சிங்க் வாங்கிவிட்டோம். கொத்தனார், ‘கல்லையே மாற்றணும்’ என்கிறார். பிளம்பர், ‘அரை மணியில் அறுத்துடலாம்’ என்கிறார். பழைய சிங்க்குக்கு முன்னால் மூன்றரை இஞ்ச், பின்னால் நாலரை இஞ்ச் கல் இருக்கிறது. குழாய் சுவரில். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கல்லை மாற்றத் தேவையில்லை, சகோதரி. ஆனால் இது அரை மணி நேர வேலையும் இல்லை.

கல் பதிப்பதுதான் என் தொழில். மேடைக் கல் விரிசல் விட்டால் பெரும்பாலும் சிங்க்குக்கு முன்னால் இருக்கும் அந்தக் குறுகலான பட்டையில்தான் விடும். நாம் சாய்ந்து நிற்பதும், நிறைந்த அண்டாவை இறக்கி வைப்பதும் அதன் மேல்தானே. அதனால் முன்பக்கம் ஒரு நூல்கூட எடுக்க விடாதீர்கள். கூடுதலாக வேண்டிய 2 இஞ்சையும் பின்னால் எடுங்கள். அங்கே இரண்டரை இஞ்ச் மிஞ்சும். குழாய் சுவரில் இருப்பது நல்லதாகப் போயிற்று. கல்லில் துளை போட்டு நிறுத்திய குழாயாக இருந்தால் சிங்க்கைத்தான் மாற்றச் சொல்லியிருப்பேன்.

மிஷினைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்து மேடைக்கு அடியில் பாருங்கள். சிங்க்குக்கு இரண்டு பக்கமும் கடப்பா கல்லையோ செங்கல் சுவரையோ தாங்கலாக நிறுத்தியிருப்பார்கள். புதுத் தொட்டி அந்த இடைவெளிக்குள் இறங்குமா என்று அளந்துகொள்ளுங்கள். கிரானைட்டுக்கு அடியில் கான்கிரீட் போட்டிருந்தால் அதையும் அறுக்கணும், கம்பியும் வரும். அப்புறம் கழிவுநீர்க் குழாய். தொட்டி ஆழமானால் அதன் வாய் கீழே இறங்கும். சுவருக்குள் போகும் குழாய் அதைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் வடியாது. இதில் எது இடித்தாலும் கடையில் சிங்க்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி என்றால் அறுக்கலாம். 24-க்கு 18 என்பது விளிம்போடு சேர்ந்த அளவு. திறப்பு அதைவிடச் சிறியது. பெட்டியில் காகித அச்சு இருந்தால் அதன்படியே குறிக்கணும். கல்லின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போட்டால் தண்ணீர் பட்டாலும் எளிதில் அழியாது, மூலமட்டம் வைத்து மூலைகளையும் சரிபார்க்கலாம்.

மூலைகளில்தான் கைத்திறன் தெரியும். பிளேடு வட்டமானது. கல்லின் அடிவரை அறுபட வேண்டுமென்றால் மேலே வெட்டு அதைவிட நீளமாக ஓடும். கோட்டைத் தாண்டி ஓடிய அந்தக் கீறலில் இருந்துதான் பின்னாளில் விரிசல் கிளம்பும். புதிதாக வரும் மூலைகளில் முதலில் டைமண்ட் பிட் வைத்து வட்டத் துளை போட்டுவிட்டு, பிளேடை அதற்கு முன்பே நிறுத்தி, மிச்சத்தை அடியிலிருந்து அறுத்தெடுக்கணும். ஒரே அழுத்தில் முழு ஆழமும் போகாமல் இரண்டு மூன்று தடவையாக இறக்கணும். கழன்று வரும் துண்டுக்கு அடியில் பலகை முட்டுக் கொடுக்கணும். அது தானாக முறிந்து விழுந்தால் மூலையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும்.

தண்ணீர் விடாமல் அறுக்கவே கூடாது. கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸுக்குக் குணம் கிடையாது. செயற்கை குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. அறுக்க வரும் தம்பி ‘எனக்குப் பழக்கம்தான்’ என்று சொன்னாலும் என்95 மாஸ்க் வாங்கிக் கொடுத்துப் போட வையுங்கள். தண்ணீரும் கரண்ட்டும் சேரும் வேலை என்பதால், உங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாமல் மிஷினைச் சொருக விடாதீர்கள்.

அறுத்த விளிம்பை நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே சிலிகான் வைத்துத் தொட்டியை உட்கார வைக்கணும். ஈரக் கல்லில் சிலிகான் பிடிக்காது. அதன்பின் 24 மணி நேரம் சிங்க்கில் தண்ணீர் படக் கூடாது, அன்றைக்குப் பாத்திரத்தைப் பின்கட்டில் கழுவிக்கொள்ளுங்கள்.