மார்ஃபிங் என்றால் போலிப் படம்தானா?

கேள்வி: 'படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டல்' என்று அடிக்கடி செய்தி வருகிறது. இந்த மார்ஃப் எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியில் போடும் மார்ஃபினுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (கும்பகோணம் வாசகி)

பதில்: உண்டு, தூரத்துச் சொந்தம். கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் உருவம். மாறுதலைக் குறிக்கும் 'மெட்டா' முன்னால் சேர்ந்து மெட்டமார்ஃபசிஸ் ஆனது. கம்பளிப்புழு பட்டாம்பூச்சி ஆவது அதுதான். பள்ளியில் உருமாறிய பாறை என்று படித்திருப்பீர்களே, சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து பளிங்காவது, அந்த உருமாறிய பாறையின் ஆங்கிலப் பெயரான 'மெட்டமார்ஃபிக்' என்பதிலும் இதே வேர்தான்.

இவ்வளவு நீளமான சொல்லில் முன்னும் பின்னும் வெட்டிவிட்டு 'மார்ஃப்' என்ற வினைச்சொல்லை ஊரெல்லாம் பரப்பியது 1980, 90களின் சினிமா கிராஃபிக்ஸ். 1988இல் வந்த 'வில்லோ' படத்தில் ஒரு மந்திரக்காரி ஆடு, நெருப்புக்கோழி, மயில், ஆமை, புலி என்று வரிசையாக மாறிக் கடைசியில் பெண்ணாவாள், நடுவில் வெட்டே தெரியாது. 1991இல் மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் வொயிட்' வீடியோவில் ஒரு முகம் இன்னொரு முகமாக வழுக்கிக்கொண்டே போனதும் உலகமே வாய் பிளந்தது. ஒரு படத்தை மங்கவிட்டு அடுத்ததைக் கொண்டுவருவது பழைய வித்தை. இதில் இரண்டு முகங்களிலும் கண், மூக்கு, வாய் எங்கே என்று புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகள் நகர நகர இரண்டு படங்களையும் இழுத்து வளைத்துக்கொண்டே ஒன்றை மற்றதில் கரைப்பார்கள்.

அப்படிப் பார்த்தால் ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் உடம்பில் பொருத்துவது மார்ஃபிங்கே இல்லை, வெறும் ஒட்டுவேலை. ஆனால் நம் ஊர்ச் செய்திகளில் அந்தப் பொருள்தான் நிலைத்துவிட்டது, இனி திருத்தப் போனால் நம்மைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். (யாராவது அப்படி மிரட்டினால் சொல்லாராய்ச்சி எல்லாம் வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்கள்.)

சரி, மார்ஃபின். ரோமானியக் கவி ஓவிட், 'மெட்டமார்ஃபசஸ்' என்றே பெயரிட்ட காவியத்தில், தூக்க தேவனின் மகன் மார்ஃபியஸ் என்கிறார். யார் கனவிலும் எந்த மனித உருவத்திலும் வரக்கூடியவன், பெயரே உருவத்திலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் செர்டுர்னர் அபினிலிருந்து தூக்கம் வரவைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தபோது அதற்கு மார்ஃபியம் என்று அவன் பெயரையே வைத்தார், அதுதான் மார்ஃபின் ஆனது.