யாரும் வாயைத் திறப்பதில்லை

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் குழுவுக்கு என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். ஒன்பது பேர். எல்லோரும் அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். இப்போது நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. வாராந்திர மீட்டிங்கில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் லேப்டாப்பைப் பார்க்கிறார்கள். கெடுவுக்கு முதல் நாள்தான் வேலை முடியவில்லை என்பதே எனக்குத் தெரியவருகிறது. போன வாரம் ஒருவர் வந்து இரண்டு நாள் தாமதமாகும் என்றார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன், அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பரிசு ஆரம்பித்தேன், உற்சாகப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். இரண்டு நாள் கலகலப்பு, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இருப்பதிலேயே நன்றாக வேலை செய்கிற பெண் இப்போது ராஜினாமா கொடுத்திருக்கிறார். இவர்களை எப்படித்தான் ஊக்கப்படுத்துவது?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டிருப்பது ஊக்கத்தைப் பற்றி. ஆனால் போகிற போக்கில் "திட்டக்கூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கண் அங்கேதான் போய் நின்றது.

அன்று நடந்ததை அந்த மனிதரின் பக்கத்திலிருந்து பாருங்கள். வேலை இழுக்கிறது என்று அவருக்கு ஒரு நாள் முன்பே தெரிந்திருக்கும். சொல்லலாமா, இன்னும் கொஞ்சம் முட்டி மோதிப் பார்க்கலாமா என்று யோசித்து, கடைசியில் துணிந்து உங்கள் மேசைக்கு வந்திருக்கிறார். வந்தவருக்குக் கிடைத்தது பதிலே இல்லாத ஒரு கேள்வி. முன்னாடியே வந்திருந்தால் "அதுக்குள்ள முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டிருப்போம். இதை மற்ற எட்டுப் பேரும் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். எப்போது சொன்னாலும் குட்டு உண்டு என்றால் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். நடுவில் வேலை எப்படியாவது முடிந்துவிட்டால் குட்டும் மிச்சம். உங்கள் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை, கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் இருந்தார். கெட்ட செய்தியோடு போய் நின்றால் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "சரி, இப்ப எங்கிட்டேர்ந்து என்ன வேணும்?" இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, கணக்கு எங்கே தப்பியது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், வேர்த்துவிடும். ஆனால் செய்தி வந்த நிமிடத்தில் ஒருபோதும் கேட்கமாட்டார், நாலு பேர் முன்னால் கேட்கவே மாட்டார். அதனால் தலைக்கு மேல் வெள்ளம் போவதற்கு முன்பே விஷயம் அவர் காதுக்கு வந்துவிடும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் 'ஆன்டான்' என்றொரு ஏற்பாடு உண்டு. கார் நகர்ந்து போகும் வரிசையில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம் (இப்போது பல இடங்களில் கயிற்றுக்குப் பதில் பொத்தான்). உடனே விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். கயிறு கட்டுவது பெரிய காரியமில்லை. இழுத்தவரை ஒரே ஒரு தடவை முறைத்துப் பாருங்கள், மறுநாள் எவரும் கையைத் தூக்கமாட்டார்கள்.

மீட்டிங்கில் நீங்கள் கேட்கும் கேள்வியும் சரியில்லை. அதற்கு "ஆமாம்" என்றால் எட்டுப் பேர் முன்னால் தன் குறையை ஒப்புக்கொள்வது மாதிரி. "இதில் எந்தப் பகுதி இழுத்தடிக்கும்னு தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பேச்சு வேலையைப் பற்றியது, ஆளைப் பற்றியது இல்லை.

அதைவிட முக்கியம், தனித்தனியாகப் பேசுவது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-லிருந்து சில வருடங்கள் ஆய்வுகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, வேலையின் வேகம் மாறுகிறதா என்று பார்த்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். (அதன் முடிவுகளைப் பற்றி இன்றுவரை சண்டை.) எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வந்த நேர்காணல்கள். 1928-லிருந்து 1930-க்குள் சுமார் 21,000 பேரிடம் பேசினார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளிகளோ கேட்டதற்கு ஏதோ சொல்லிவிட்டு, தங்கள் மனதில் இருந்ததற்கே திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசியில் பட்டியலை ஓரம்கட்டிவிட்டு அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒரு மணியைத் தாண்டியது. கம்ப்யூட்டர் சிப் செய்யும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவும் இதே பக்கம்தான்: தனிச் சந்திப்பு என்பது கீழே வேலை செய்பவருடைய கூட்டம், என்ன பேசுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேறு வேலை வந்துவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு சந்திப்பில் "ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார்கள். விட்டுவிடாமல் மூன்றாவதற்கும் உட்காருங்கள்.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒருவருக்குக் கொடுத்து எட்டுப் பேரை முகம் சுளிக்க வைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: சம்பளம், விதிமுறை, மேலதிகாரி நடத்துகிற விதம் இவையெல்லாம் மோசமாக இருந்தால் மனக்கசப்பு வரும், ஆனால் அவற்றைச் சரிசெய்வதால் மட்டும் வேலையில் ஈடுபாடு வந்துவிடாது; அது செய்து முடித்த நிறைவிலும், கிடைக்கிற அங்கீகாரத்திலும், வேலையிலேயேதான் இருக்கிறது. இதை மேலிடத்துக்காரர்கள் "சம்பளம் முக்கியமில்லை" என்று வசதியாகப் படித்துக்கொள்வார்கள். சம்பளம் குறைவென்றால் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஆள் போய்விடுவார். அதற்கு நீங்கள் மேலே போய்ச் சண்டை போடத்தான் வேண்டும். அங்கீகாரம் என்பது கோப்பை இல்லை. "அந்த வாடிக்கையாளரை நீங்க சமாளிச்சதாலதான் தேதி தள்ளிப்போகல" என்று குறிப்பிட்டு, அன்றைக்கே சொன்னால் போதும். உற்சாகப் பேச்சாளரை விட்டுவிடுவோம், பாவம், அவரும் பிழைக்க வேண்டும்.

ராஜினாமா கொடுத்த பெண்ணிடம் ஏன் போகிறீர்கள் என்று இப்போது கேட்காதீர்கள். நல்ல வாய்ப்பு கிடைத்தது என்றுதான் சொல்வார். அனுபவச் சான்றிதழும் கணக்கு முடிப்பும் உங்கள் கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்? எல்லாம் முடிந்து ஒரு மாதம் போகட்டும். அப்புறம் கூப்பிட்டு, என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் குறித்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு விளக்கம் மட்டும் கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.