22,000 பேரும் நான்கு செனட்டர்களும்

கேள்வி: வர்ஜீனியாவில் குடியுரிமை பெற்று வாழ்கிறேன். துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் சிறிய உள்ளூர்க் குழு ஒன்றில் இருக்கிறேன். ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் கூடும்போது என்ன கேட்பது என்று பட்டியல் போட்டோம். ஒன்பது கோரிக்கையில் வந்து நிற்கிறது. மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட்டே கூடாது என்கிறார் ஒருவர். மாதம் ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற வரம்பை நீக்கவேண்டும் என்கிறார் இன்னொருவர். ஒவ்வொரு கூட்டமும் சண்டையில் முடிகிறது. தமிழ் நண்பர்கள் சிலரையும் அழைத்து வரலாமா? எதை முதலில் வைப்பது?
– வாசகர், ஆஷ்பர்ன்

பதில்: துப்பாக்கி விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வழிமுறை. அதைச் சொல்லலாம்.

எது முக்கியம் என்று வரிசைப்படுத்தப் பார்க்கிறீர்கள். அவரவருக்கு அவரவர் கோரிக்கை முக்கியம். சண்டை வராமல் என்ன செய்யும்? கேள்வியை மாற்றுங்கள். ஒவ்வொரு கோரிக்கையின் மசோதாவும் சட்டமன்றத்தின் எந்தக் குழுவுக்குப் போகும்? அந்தக் குழுவில் இன்னும் மனம் முடிவாகாத உறுப்பினர் யார்?

2020 உங்களுக்கே நினைவிருக்கும். ஜனவரி 20 அன்று மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் துப்பாக்கி உரிமைக்காகச் சுமார் 22,000 பேர் திரண்டார்கள். உலகம் முழுக்கப் படம் வந்தது. அப்புறம் என்ன நடந்தது? எல்லா விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணிச் சோதனை, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டம், உங்கள் நண்பர் நீக்கச் சொல்லும் அந்த மாதம் ஒன்று வரம்பு, எல்லாம் அதே ஆண்டு சட்டமாகிவிட்டன. நின்றுபோனது தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான தடை மசோதா. கீழவையில் 51-48 என்று நிறைவேறியது, மேலவையான செனட்டின் நீதித்துறைக் குழுவில் 10-5 என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த மசோதாவைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சியிலேயே நான்கு பேர் எதிர்ப்பக்கத்தோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான கிரீ டீட்ஸின் தொகுதியில் மலைப்பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. ரிச்மண்ட் கூட்டத்தைவிட, அந்தக் குளிர்காலத்தில் ஊர் ஊராகக் கவுன்ட்டி மன்றங்களில் உள்ளூர்க்காரர்கள் வந்து நின்றதுதான் இப்படிப்பட்டவர்களை யோசிக்க வைத்திருக்கும் என்பது என் ஊகம்.

அதனால், அவையில் பெரும்பான்மை உங்களுக்கு எதிராக இருக்கும் ஆண்டில் முதல் இடம் தடுப்பதற்கு. ஒரு மசோதா நிறைவேற துணைக்குழு, குழு, இரண்டு அவைகள், ஆளுநர் என்று எல்லாக் கதவும் திறக்கவேண்டும். நிறுத்த ஒரு கதவு போதும். சட்டமன்றம் கூடும் நேரமும் குறைவு: இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் வழக்கமாக ஒன்றரை மாதம். பாதியிலேயே ஒரு கெடு வரும். அதற்குள் தன் அவையைத் தாண்டாத மசோதா அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்க ஒன்று, மிஞ்சினால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை முன்மொழிய அந்தக் குழுவிலேயே ஓர் உறுப்பினர் கிடைப்பாரா, மனம் முடிவாகாத செனட்டரின் தொகுதியில் உங்கள் ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாகத் தோன்றினாலும் காத்திருக்கட்டும். ஆஷ்பர்னில் இருந்துகொண்டு வேறு தொகுதி செனட்டருக்கு நூறு மெயில் அனுப்புவதைவிட, அவர் தொகுதிக்காரர் நாலு பேர் நேரில் போய்ப் பேசினால் மதிப்பு அதிகம். திட்டி எழுதும் மெயில் எண்ணிக்கையில்கூடச் சேராது.

தமிழ் நண்பர்களை அழைப்பதில் ஒரு ஜாக்கிரதை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம். ஷூட்டிங் ரேஞ்சில் போட்டோ எடுக்கக்கூட அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரிடம் தேர்தல் நன்கொடையும் வாங்கக்கூடாது. மாநிலத் தேர்தலுக்கும் அதே விதிதான்.

சரி, பெர்மிட்டே வேண்டாம் என்கிற நண்பரிடம் என்ன சொல்வது? டெக்சாஸ் கதையைச் சொல்லுங்கள். பெர்மிட்டோடு மறைத்து எடுத்துச் செல்ல 1995-இல் சட்டம் வந்தது, அதையே வெளியே தெரிய வைத்துக்கொள்ள 2015-இல், பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்ல 2021-இல். துப்பாக்கிக்குப் பேர்போன மாநிலத்திலேயே 26 ஆண்டு ஆகியிருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். சட்டமன்றக் குழு உறுப்பினர்களின் பெயர், தொகுதி, முன்பு போட்ட ஓட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவரும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.