அலபாமா என்றால் பூச்சி சிலை மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவில் ஒரு பூச்சிக்குச் சிலை வைத்திருக்கிறார்களாமே! இதுபோல அந்த மாநிலத்தைப் பற்றி இன்னும் நாலு சுவாரஸ்யமான தகவல்கள் சொல்லுங்களேன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான். என்டர்பிரைஸ் என்ற ஊரில் 1919-ல் வைத்தார்கள். பருத்தி மொட்டைத் துளைத்து முட்டையிடும் கூன்வண்டு அது. புழு உள்ளிருந்தே தின்றுவிட, மொட்டு உதிர்ந்துவிடும். பருத்தியையே நம்பியிருந்த விவசாயிகள் நொடித்துப்போய் நிலக்கடலைக்கு மாறினார்கள். கடலை கைகொடுத்தது. அந்த நன்றிக்குத்தான் சிலை. முதலில் இருந்தது ஒரு பெண் உருவம் மட்டுமே. அவள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் வண்டு 30 ஆண்டு கழித்துத்தான் வந்தது. நிலாவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய மையமும் இதே மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிறது.

சரி, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும். அலபாமாவைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்வதென்றால் மான்ட்கோமரி நகரத்துப் பேருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அதிலும், வெள்ளையருக்கு இடம்விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த ஊர்ப் பேருந்தில் கறுப்பினத்தவர் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக ஏற வேண்டும் என்று டிரைவர்கள் விரட்டுவார்கள். இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணிக்கு அப்படித்தான் நடந்தது. காசும் போச்சு, பஸ்ஸும் போச்சு. 1955 டிசம்பர் 1-ம் தேதி எழுந்து இடம்விட மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். அதைக் கண்டித்துக் கறுப்பின மக்கள் 5-ம் தேதி தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

அத்தனை நாளும் மக்கள் வேலைக்குப் போனது எப்படி? நடந்தார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிப் போனார்கள். பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே? அங்கேதான் கில்மோர் வருகிறார். கோழி வறுத்து சாண்ட்விச் செய்து, போராட்டக் கூட்டங்களில் விற்றார். அப்புறம் பல பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டமும் சுட்டு ஊரெல்லாம் விற்றார்கள். வெள்ளைக்காரர்கள்கூட வாங்கினார்கள். அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு 'ஊர்பேர் இல்லாத சங்கம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கில்மோர் மட்டும் மறைந்துகொள்ளவில்லை. 1956-ல், புறக்கணிப்பை நடத்தியதற்காக மார்ட்டின் லூதர் கிங் மீது போட்ட வழக்கில், தன்னை விட்டுவிட்டுப் போன அந்த பஸ் டிரைவர் செய்ததைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். வேலை போனது. கிங் உதவியோடு வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டார்.

இன்னொன்று. பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956-ல் தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் வாதி அல்ல. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் என்ற நால்வர்தான் வாதிகள். கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், அதே ஊர்ப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதான பள்ளி மாணவி. நீங்கள் கேட்ட நாலு தகவலுக்குப் பதிலாக இந்த நாலு பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.