வாசகர் கேள்வி: மண்ணுக்கடியில் ஓடும் வாய்க்கால்

கேள்வி: சீனாவின் சின்ஜியாங் பாலைவனம் என்கிறார்கள், ஆனால் அங்கே திராட்சை அமோகமாக விளைகிறதாமே? தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
— ஒரு வாசகர், கம்பம்

பதில்: கம்பத்துக்காரருக்குத் திராட்சைமேல் ஒரு கண் இருப்பது நியாயம்தான். நீங்கள் கேட்பது துர்பான். தியான் ஷான் மலைகளுக்கு நடுவே ஒரு பெரும்பள்ளம். அதன் அடியிலுள்ள அய்டிங் ஏரி கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே இருக்கிறது. (பெயர்தான் ஏரி, பெரும்பாலும் உப்புப் படுகை.) வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் தேறாது, உங்கள் ஊரில் ஒரு சாயங்கால மழையே அதைத் தாண்டிவிடும். மலையில் பனி உருகுகிறது, சரி, ஆனால் திறந்த வாய்க்காலில் கொண்டுவந்தால் வழியிலேயே வெயில் குடித்துவிடும். அதனால் வாய்க்காலையே மண்ணுக்குள் வெட்டினார்கள். 'கரேஸ்' என்று பெயர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைத் தொடும் ஆழத்துக்கு ஒரு கிணறு, அங்கிருந்து ஊர்வரை வரிசையாகக் கிணறுகள், அவற்றின் அடியை இணைத்து ஒரு சுரங்கம். தரையைவிடச் சுரங்கத்துக்குச் சரிவு குறைவு என்பதால் ஊர்ப்பக்கம் வரும்போது தண்ணீர் தானாகவே மேலே வந்துவிடும், பம்பும் வேண்டாம் கரண்டும் வேண்டாம். இடையிலுள்ள கிணறுகள் இறைப்பதற்கு இல்லை, தூர்வார ஆள் இறங்குவதற்கு. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபிறகு பல கரேஸ்கள் வறண்டுவிட்டன. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் அந்த ஊர் வழியாகத்தான் வந்தாரா?
— ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ஆமாம், 630 வாக்கில். துர்பானுக்குப் பக்கத்தில் அப்போது காவோசாங் என்றொரு ராஜ்ஜியம். ராஜா கு வென்தாய்க்குத் துறவியை அவ்வளவு பிடித்துப்போய், இங்கேயே இருங்கள், விடமாட்டேன் என்று பிடிவாதம். இவர் சாப்பிட மறுத்துவிட்டார். கடைசியில் ராஜா இறங்கிவந்து, திரும்பும்போது மூன்று வருஷம் தங்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, குதிரைகள், பொன், வெள்ளி, வழியிலுள்ள அரசர்களுக்குக் கடிதங்கள் எல்லாம் கொடுத்து அனுப்பினார். 640இல் சீனாவை ஆண்ட தாங் வம்சத்தின் படைகள் காவோசாங்கைப் பிடித்தன, ராஜாவும் போய்ச் சேர்ந்தார். 645இல் துறவி சீனத் தலைநகர் சாங்ஆனுக்குத் திரும்பியபோது வாக்கைக் காப்பாற்ற ஆளே இல்லை. காவோசாங்கின் மண் சுவர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

கேள்வி: போவதென்றால் எந்த மாதம்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஜூலையில் வேண்டாம், வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். செப்டம்பரில் போங்கள், திராட்சையும் இருக்கும். அப்புறம், யாராவது நேரம் சொன்னால் பெய்ஜிங் நேரமா உள்ளூர் நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் வித்தியாசம்.